சிசேரியன் தழும்பில் கரு தங்கினால்: எந்த வழி யாருக்கு?

"சிஸ்டர், நீங்களா இருந்தா இதுல எதை எடுப்பீங்க?"

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். வயது 29. மூன்று வருடத்துக்கு முன்னால் சிசேரியனில் ஒரு பெண் குழந்தை. இப்போது நாள் தள்ளிப்போய், கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறு வாரம் நான்கு நாள். அவள் கையில் கேஸ் ஷீட். அதன் பின்பக்கத்தில் டாக்டர் பேனாவால் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார். தலைகீழாகப் பிடித்த கத்தரிக்காய் மாதிரி கர்ப்பப்பை. அதன் கழுத்துக்கு மேலே முன்பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் "1.8" என்று எழுதியிருந்தது. மில்லிமீட்டர். ஒரு நாணயத்தின் தடிமன்.

டாக்டர் நான்கைந்து வழிகளைச் சொல்லிவிட்டு, வீட்டில் பேசிவிட்டு மத்தியானத்துக்குள் சொல்லும்மா என்று அடுத்த கேஸுக்குப் போய்விட்டார். அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. நான் மகப்பேறு வார்டில் 22 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே செய்தியோடு இன்னொரு பெஞ்சில் உட்காரும் பெண்ணுக்காக.

முதலில், என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோ கர்ப்பப்பைக்குள் தங்க வேண்டிய இடத்தை விட்டு வேறு இடத்தில் தங்கிவிடுகின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கருக்குழாயில்தான். 'டியூப்ல கரு' என்று பல வீடுகளில் கேள்விப்பட்டிருப்பார்கள். அதற்கு என்ன செய்வது என்பது எல்லா மகப்பேறு டாக்டர்களுக்கும் அத்துப்படி. மிச்சமிருக்கும் கொஞ்சம்தான் சிக்கல். கர்ப்பப்பை வாய், சினைப்பை, கருக்குழாய் கர்ப்பப்பைச் சுவருக்குள் நுழைகிற மூலை, வயிற்றுக்குழி, அப்புறம் பழைய சிசேரியன் தழும்பு. இந்தக் கடைசி வகைதான் இப்போது எங்கள் வார்டில் முன்பைவிட அதிகமாகத் தென்படுகிறது.

தழும்பில் தங்கிய கர்ப்பத்தை முதன்முதலில் 1978-ல் தென்னாப்பிரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் இது புத்தகத்தில் ஓரிரு வரியாகவே இருந்தது. சிசேரியன் கூடக் கூட இதுவும் கூடியது. ஏறக்குறைய 2,000 கர்ப்பத்துக்கு ஒன்று என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். இந்திய அளவில் அது 21.5. அப்படியென்றால் தழும்புள்ள கர்ப்பப்பையோடு அடுத்த குழந்தைக்குத் தயாராகிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு இரண்டு மூன்று சிசேரியன் ஆகியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒன்று போதும். சீனாவிலும் இதே கதைதான். சிசேரியன் அதிகமாக நடந்த நாடு. 2016-ல் இரண்டாவது குழந்தைக்கு அனுமதி வந்ததும் தழும்போடு கர்ப்பமானவர்கள் கூடினார்கள். இந்தப் பிரச்சினை பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிசேரியனில் அறுத்துத் தைத்த இடம் சிலருக்கு முழுசாகச் சேராமல் உள்பக்கம் ஒரு குழிவாக நின்றுவிடும். கரு அந்தக் குழிவில் போய் ஒட்டிக்கொள்கிறது. கர்ப்பப்பையின் மேல்பகுதியில் கருவைத் தாங்க மெத்தை மாதிரி ஒரு படலம் உண்டு. தழும்பில் அது இல்லை. அதனால் நஞ்சுக்கொடியின் வேர்கள் நேராகச் சதைக்குள் இறங்குகின்றன. விட்டால் மூத்திரப்பை வரைக்கும் போகும். ரத்தப்போக்கு ஏன் நிற்காது என்பதற்கும் இதில்தான் விடை. சாதாரணமாகக் கர்ப்பப்பைச் சதை சுருங்கி ரத்தக்குழாய்களை நெரித்து அடைக்கும். தழும்பில் சுருங்குவதற்குச் சதையே கிடையாது.

இதை ஸ்கேனில் பிடிப்பதுதான் பாதி வேலை. மூன்றில் ஒரு பெண்ணுக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. மற்றவர்களுக்கு லேசான ரத்தத் தீற்று, அடிவயிற்றில் ஒரு மந்தமான வலி, அவ்வளவுதான். ஆறு வார ஸ்கேனில் கரு இருக்கும் நீர்ப்பை கீழே தெரிந்தால், 'கலைஞ்சு இறங்கிட்டிருக்கு' என்று எழுதிவிடுவது எளிது. எங்கள் மூத்த டாக்டர் ஒருவர் பிறப்புறுப்பு வழியாகச் செய்கிற உள்வழி ஸ்கேனின்போது கருவியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். கலைந்து இறங்குகிற கரு வழுக்கிக்கொண்டு நகரும். தழும்பில் ஒட்டியது அசையாது. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டால் அதைச் சுற்றி ரத்த ஓட்டம் சிவப்பும் நீலமுமாக வளையம் கட்டி நிற்கும். அந்த அரை நிமிட அழுத்தம் ஒரு உயிரைக் காப்பாற்றுகிற விஷயம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த அரை நிமிடம் தவறிப்போய் வந்த ஒரு கேஸை நான் மறக்கவில்லை. வேறொரு இடத்தில் அபார்ஷன் என்று முடிவு செய்து டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, பண்ணியிருக்கிறார்கள். சுரண்டிய கையோடு ரத்தம் கொட்ட ஆரம்பித்து, ராத்திரி பதினொன்றரைக்கு 108-ல் எங்களிடம் வந்தாள். ஸ்ட்ரெச்சர் விரிப்பு முழுக்க நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கை ஐஸ் மாதிரி. டாக்டர் ஸ்கேனை வைத்துப் பார்த்துவிட்டு "ஃபோலிஸ் கொடுங்க சிஸ்டர்" என்றார். மூத்திரத்துக்குப் போடுகிற அதே சாதாரண ஃபோலிஸ் குழாய். அதைக் கர்ப்பப்பை வாய் வழியாக ஏற்றி, நான் சிரிஞ்சில் சலைன் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் நுனியில் பலூன் மாதிரி உப்புகிற பல்பில் செலுத்தினேன். 10 மில்லி, 15, 20. இருபத்தைந்தைத் தாண்டியபோது ரத்தம் மட்டுப்பட்டது. நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினோம். பிழைத்தாள், கர்ப்பப்பையும் தப்பியது. அன்றிலிருந்து, சிசேரியன் ஆன பெண்ணுக்கு 'அபார்ஷன், க்ளீன் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் நான் கேட்கிற முதல் கேள்வி, கரு எந்த இடத்தில் இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தீர்களா என்பதுதான்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. வழிகளை ஒப்பிடும் முன் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். கருவுக்கு இதயத்துடிப்பு இருக்கிறதா? கருவுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே உள்ள சுவர் எத்தனை மில்லிமீட்டர்? கரு எந்தப் பக்கம் வளர்கிறது, கர்ப்பப்பையின் உள்ளறையை நோக்கியா, வெளியே மூத்திரப்பையை நோக்கியா? இந்த மூன்றோடு வாரக்கணக்கும், ரத்தத்தில் பார்க்கிற கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜியின் அளவும் சேர்ந்தால்தான் எந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசியிலேயே சரியானது என்பதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. அவருக்கு அநேகமாக டியூபில் இருந்திருக்கும்.

குழந்தையை வைத்துக்கொள்ள முடியாதா?

எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. கேட்கத் தயங்குகிறவர்களும் மனதுக்குள் கேட்கிறார்கள். டியூபில் தங்கிய கருவுக்கு எதிர்காலம் இல்லை. தழும்பில் தங்கியதற்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. இதயம் துடிக்கிற சில கருக்கள் வளர்ந்து உயிரோடு பிறந்திருக்கின்றன. அதை மறைப்பது தப்பு. ஆனால் அதற்குத் தாய் கொடுக்கும் விலையையும் மறைக்கக் கூடாது.

நியூயார்க்கில் டிமோர்-ட்ரிட்ச் என்ற டாக்டரின் குழு 2014-ல், இப்படித் தொடர்ந்த பத்துப் பெண்களைப் பற்றி எழுதியது. ஒன்பது பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது. ஆனால் பத்துப் பேருக்குமே நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தது. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கிலும், துடிப்புள்ள கருவைத் தொடர்ந்து, பிரசவம் வரை போனவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு நஞ்சுக்கொடி சதைக்குள் புதைந்திருந்தது. பத்தில் ஒருவருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே கர்ப்பப்பை கிழிந்தது. அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் தொடர வேண்டாம் என்றுதான் பரிந்துரைக்கிறது. தொடர்ந்தே தீருவேன் என்பவர்களுக்கு 34 வாரத்திலிருந்து 36 வாரம் முடிவதற்குள் ஆபரேஷன் செய்யச் சொல்கிறது. பெரும்பாலும் கர்ப்பப்பையையும் சேர்த்தே எடுக்கிற ஆபரேஷன் அது.

கரு தழும்பின் மேலே உட்கார்ந்திருக்கிறதா, குழிவுக்குள் இறங்கியிருக்கிறதா என்பதில் வித்தியாசம் உண்டு. மேலே உட்கார்ந்து, சுவரும் தடிமனாக இருந்தால் தொடர்வதன் ஆபத்து குறைவு. குழிவுக்குள் இறங்கி, சுவர் 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நிலைமை வேறு. ரொம்ப வருடம் காத்திருந்து கருத்தரித்த ஒரு பெண், சுவர் தடிமனாக இருக்க, ரத்த வங்கியும் யூராலஜி டாக்டரும் பச்சைக்குழந்தை ஐசியுவும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே கடைசி மாதங்களில் தங்க முடியும் என்றால், அந்த முடிவை நான் மதிப்பேன். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து போகிற பெண்ணுக்கு, 1.8 மில்லிமீட்டரில், நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

துடிப்பு இல்லை என்றால் பொறுத்திருக்கலாமா?

இதயத்துடிப்பு வராமல் கரு தானாக நின்றுபோயிருந்தால் காத்திருப்பது ஒரு வழிதான். 2018-ன் அதே கணக்கில், அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வேறு தலையீடு இல்லாமல் கலைந்து முடிந்தது. மிச்சம் மூன்று பேருக்கு நடுவில் மருந்தோ ஆபரேஷனோ தேவைப்பட்டது. பீட்டா இறங்கிக்கொண்டே வரணும், வாராவாரம் ரத்தப் பரிசோதனைக்கு வரணும், வீட்டில் ராத்திரியும் வண்டி தயாராக இருக்கணும். துடிப்பு இருக்கும்போது 'ஒரு வாரம் பார்க்கலாம்' என்பது இந்த வகையில் சேராது. அந்த ஒரு வாரத்தில் வேர் இன்னும் ஆழமாக இறங்கும், வழிகள் ஒவ்வொன்றாக மூடும்.

ஊசி: கையிலா, கருவுக்குள்ளா?

கரு வளர்வதை நிறுத்துகிற மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டதும் வீட்டார் முகத்தில் ஒரு நிம்மதி வரும். ஆபரேஷன் இல்லை, ஊசியோடு முடிந்தது என்று. டியூப் கர்ப்பத்தில் அது பல நேரம் உண்மை. தழும்பில் அப்படி இல்லை. தழும்பைச் சுற்றி நார்த்திசு. ரத்தத்தில் ஓடும் மருந்து கருவைப் போய்ச் சேர்வது குறைவு. 2012-ல் 751 கேஸ்களைத் தொகுத்துப் பார்த்தபோது, கையிலோ இடுப்பிலோ போட்ட ஊசியை மட்டும் நம்பியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்குச் சிக்கல் வந்தது. ஸ்கேன் இல்லாமல் வெறும் டி அண்ட் சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். துடிப்பு இருக்கும்போது இடுப்பு ஊசியை மட்டும் போட்டு வீட்டுக்கு அனுப்பினால், தயவு செய்து இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

அதே மருந்தை ஸ்கேனைப் பார்த்தபடியே நீளமான ஊசியால் கரு இருக்கும் நீர்ப்பைக்குள் நேராகச் செலுத்துவது வேறு விஷயம். துடிப்பு இருந்தால் முதலில் பொட்டாசியம் குளோரைடு போட்டு அதை நிறுத்துவார்கள். அந்த 751 கேஸ் தொகுப்பில் சிக்கல் மிகக் குறைந்த வழிகளில் இது ஒன்று, பத்தில் ஒருவருக்குத்தான். கத்தி இல்லை, கர்ப்பப்பை முழுசாக இருக்கும். ஆனால் பொறுமை வேணும். ஊசிக்குப் பிறகு முதல் சில நாளில் பீட்டா கொஞ்சம் ஏறக்கூடப் பார்க்கலாம்; பயப்படுவார்கள். கருவின் மிச்சம் கரைய வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த நாள் முழுக்க திடீரென்று ரத்தம் போகும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ஆனால் ரொம்ப முக்கியம். கர்ப்பம் என்று பதிவு செய்ததும் கிராம நர்ஸ் கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரை வீட்டில் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் போட்ட பிறகு அதைச் சாப்பிட்டால் மருந்தின் வேலையே கெட்டுப்போகும். நான் டிஸ்சார்ஜ் நேரத்தில் பையைத் திறக்கச் சொல்லியே பார்ப்பேன். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு இந்த ஊசி கூடாது. போட்ட பிறகு குறைந்தது மூன்று மாதம் அடுத்த கர்ப்பம் கூடாது.

உறிஞ்சி எடுப்பதும் ஆபரேஷனும்

ஏழு வாரத்துக்குள், கரு உள்ளறையை நோக்கி வளர்ந்து, சுவரும் ஓரளவு இருந்தால், ஸ்கேன் பார்த்தபடியே உறிஞ்சி எடுப்பது நல்ல வழி. கூர்மையான கருவியால் சுரண்டுவது கிடையாது. மெல்லிய குழாய், மெதுவான உறிஞ்சல், வயிற்றின் மேல் ஒருவர் ஸ்கேன் கருவியைப் பிடித்திருப்பார். முடிந்ததும் ஃபோலிஸ் பல்பையோ இதற்கென்றே வரும் இரட்டை பலூனையோ வைத்துத் தழும்பை அழுத்தி, மறுநாள் எடுத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் வீடு. பீட்டாவும் வேகமாக இறங்கும். ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான் நிரப்பிய அதே பல்ப், இங்கே திட்டமிட்டு, ரத்தம் கொட்டுவதற்கு முன்பே வைக்கப்படுகிறது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஒழுங்கான ஸ்கேன்தான்.

ஹிஸ்டெரோஸ்கோபியும் இதே வகைக் கருவுக்கு. கர்ப்பப்பை வாய் வழியாகக் கேமராவை விட்டு, ஒட்டிய இடத்தைக் கண்ணால் பார்த்துப் பிரித்து எடுத்து, ரத்தக்குழாய்களை அங்கேயே சுட்டு அடைப்பார்கள். கை பழகிய டாக்டர் வேண்டும். சுவர் ரொம்ப மெலிசாக இருந்தால் கருவி துளைத்து மூத்திரப்பைக்குள் போய்விடும் பயம் உண்டு. அதனால் 2 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் பலர் இதைத் தொடமாட்டார்கள்.

கரு வெளிப்பக்கம், மூத்திரப்பையை நோக்கி வளர்ந்திருந்தால் கீழேயிருந்து உறிஞ்சுவது ஆபத்து. அப்போது லேப்ராஸ்கோபி. வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை. மூத்திரப்பையைக் கீழே தள்ளிப் பிரித்து, கருவையும் கெட்டுப்போன தழும்பையும் சேர்த்து அறுத்து எடுத்து, நல்ல சதையோடு நல்ல சதையைச் சேர்த்துத் தைத்துவிடலாம். இதன் பெரிய லாபம் இதுதான்: கருவும் போகிறது, அந்தக் குழிவும் சரியாகிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு இது கனமான காரணம். பதிலுக்கு முழு மயக்கம், அனுபவமுள்ள கை, அடுத்த கர்ப்பத்துக்கு முன் தையல் ஆற ஒரு வருடத்துக்குக் குறையாத இடைவெளி, அப்புறம் அடுத்த பிரசவமும் சிசேரியன்தான்.

மொத்தத்தில் ஊசியைவிட எடுத்துவிடுவது தழும்புக் கர்ப்பத்தில் நம்பகமானது என்பதுதான் கணக்கும் சொல்கிறது. பிரிட்டன் முழுக்க 2013 கடைசியிலிருந்து 2015 தொடக்கம் வரை வந்த கேஸ்களைத் தொகுத்தபோது, முதலில் ஆபரேஷன் வழிக்குப் போனவர்களில் 96 சதவீதம் பேருக்கு அதிலேயே முடிந்தது. மருந்தோடு தொடங்கியவர்களில் பாதிப் பேருக்குக்கூட மருந்து மட்டும் போதவில்லை.

தொடை வழியாகக் குழாய் விட்டுக் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது இன்னொன்று. ரத்தம் கொட்டும்போது இது கர்ப்பப்பையைக் காப்பாற்றும். ஆபரேஷனுக்கு முன் துணையாகவும் செய்வார்கள். தனியாக இதை மட்டும் செய்து விடுவது எனக்கு உடன்பாடில்லை. சினைப்பைக்குப் போகும் ரத்தமும் குறையலாம், கர்ப்பப்பையின் உள்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் இன்னொரு குழந்தை வேண்டுமென்கிற பெண்ணுக்கு முதல் தேர்வாக இதைச் சொல்வதில்லை. எல்லா ஊரிலும் இதைச் செய்யும் ஆளும் கருவியும் கிடைப்பதில்லை.

கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது பற்றி யாரும் முதலில் பேசமாட்டார்கள். ஆனால் 39 வயது, மூன்று சிசேரியன், குழந்தை போதும் என்று முடிவான பெண் ஒருத்தி, கரு பெரிதாகி மூத்திரப்பையைத் தொடுகிற நிலையில், யோசித்து இதைத் தேர்ந்தெடுத்தாள். நடுராத்திரி அவசரத்தில் எடுப்பதற்கும், ரத்தம் ஏற்பாடு செய்து காலை முதல் கேஸாக எடுப்பதற்கும் ரொம்ப வித்தியாசம்.

இனி அந்தப் பெஞ்சுக்கு

அவளுக்கு நான் சொன்னது இது. துடிப்பு இருக்கு, அதனால காத்திருக்கிறது வேணாம்மா. இடுப்பு ஊசி மட்டும் போதாது. சுவர் 1.8, ஆனா கரு உள்ளறைப் பக்கம்தான் வளர்ந்திருக்குன்னு டாக்டர் எழுதியிருக்கார். வாரமும் ஏழு தாண்டலை. நானா இருந்தா முதல்ல கருவுக்குள்ள ஊசி போட்டு துடிப்பை நிறுத்திட்டு, அப்புறம் ஸ்கேன் பார்த்து உறிஞ்சி எடுத்து, பலூன் வைக்கச் சொல்லிக் கேட்பேன். லேப்ராஸ்கோபிக்கு எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு. ரெண்டு யூனிட் ரத்தம் இன்னைக்கே ஏற்பாடு பண்ணுங்க, தம்பி வந்து குடுக்கட்டும்.

இதே பெண்ணுக்குக் கரு வெளிப்பக்கம் வளர்ந்திருந்தால் நேராக லேப்ராஸ்கோபி என்றிருப்பேன். துடிப்பு இல்லாமல், பீட்டா குறைவாகவும் இறங்குமுகமாகவும் இருந்து, வீடு மருத்துவமனைக்குப் பக்கம் என்றால் காத்திருக்கலாம் என்றிருப்பேன்.

அவள் மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு, "புள்ள வெளிநாட்டுல இருக்கான், அவன் கையெழுத்து இல்லாம எப்படி?" என்றார். இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பத்தை முடிப்பதற்கு நம் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். 1971-ன் சட்டத்திலேயே அப்படித்தான். புருஷன், மாமனார் கையெழுத்துக்காக ஒரு நாள் காத்திருப்பதற்குச் சட்டம் காரணமில்லை. அந்த மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மருமகளின் உயிர் பற்றிய பேச்சு இது என்று சொன்னேன். அவர் அழுதார். பிறகு அவரே போனில் மகனிடம் பேசினார்.

மற்ற அபூர்வ இடங்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் இந்த ஒப்பீடு அங்கே அப்படியே பொருந்தாது. கர்ப்பப்பை வாயில் தங்கினால் சுரண்டுவது இன்னும் ஆபத்து. மருந்துக்கு அங்கே முதல் இடம் உண்டு. மூலையில் தங்கியது சாதாரண டியூப் கர்ப்பத்தைவிடத் தாமதமாக வெடிக்கும், வெடித்தால் ரத்தம் பயங்கரமாகப் போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து, இல்லையென்றால் லேப்ராஸ்கோபியில் அந்த மூலையைச் சீவி எடுப்பது. சினைப்பையில் என்றால் பெரும்பாலும் லேப்ராஸ்கோபிதான், முடிந்தவரை சினைப்பையைக் காப்பாற்றிக்கொண்டு. வயிற்றுக்குழியில் வளர்ந்துவிட்டால் நஞ்சுக்கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. குடலோடு ஒட்டியிருந்தால் அதை உள்ளேயே விட்டுவிட்டு வருவதும் உண்டு. அப்புறம், ஒரு கரு சரியான இடத்திலும் இன்னொன்று தவறான இடத்திலும் சேர்ந்தே இருக்கும் நிலை. இயற்கையாக 30,000 கர்ப்பத்தில் ஒன்று என்பார்கள். சோதனைக்குழாய்ச் சிகிச்சையில் பல மடங்கு அதிகம். அங்கே மெத்தோட்ரெக்சேட்டை நினைத்தே பார்க்கக் கூடாது, நல்ல கருவையும் அது கொன்றுவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். பீட்டா பூஜ்யத்துக்கு வரும்வரை வாராவாரம் போங்கள், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அடுத்த முறை நாள் தள்ளினால் மூன்றாம் மாதம் வரை பொறுக்காமல், ஐந்து வாரம் முடிந்ததுமே உள்வழி ஸ்கேன். தழும்பில் ஒருமுறை தங்கியவர்களுக்கு மறுபடியும் அங்கேயே தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் பெரும்பாலானவர்களுக்குச் சரியான இடத்தில்தான் தங்குகிறது.

அவள் மத்தியானம் மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் கருவுக்குள் ஊசி, அதற்கு அடுத்த நாள் உறிஞ்சி எடுத்தார்கள். பல்பில் 20 மில்லி. மறுநாள் காலை நான்தான் சலைனை உறிஞ்சி பலூனைச் சுருக்கி எடுத்தேன். பேடில் ஒரு தீற்று, அவ்வளவுதான். பீட்டா ஐந்துக்குக் கீழே வர ஆறு வாரம் ஆனது. ஒவ்வொரு வாரமும் ரிசல்ட் சீட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்து என்னிடம் காட்டுவாள், கூடவே அந்த மூன்று வயதுப் பெண்ணும் என் மேஜையிலிருந்த பஞ்சுருண்டைகளை எண்ணிக்கொண்டிருக்கும்.